பிரான்சு கடிதத்தில் 'ரெக்லமான்' என்று இருந்தால்... பில்லா? சட்டமா? அபராதமா?

புதுச்சேரி,

பிரான்சில் மகன் இருப்பான். அல்லது மருமகன் இருப்பார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த மாமாவுக்கு பென்ஷன் வரும். புதுச்சேரி, காரைக்கால் பக்கம் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு. அந்த வீடுகளுக்கு வரும் தபாலிலும், பாரீசில் ஓட்டல் வேலை, கட்டிட வேலை பார்க்கும் நம்மவர்களின் கைக்கு வரும் நோட்டீசிலும் அடிக்கடி கண்ணில் படும் வார்த்தை 'ரெக்லமான்'.

டிக்சனரியைப் புரட்டினால் 'விதிமுறை' என்று போட்டிருக்கும். உடனே, "ஐயையோ, ஏதோ சட்டத்தை மீறிட்டோம் போலிருக்கே" என்று வயிற்றில் புளியைக் கரைக்கும். கடைசியில் பார்த்தால் அது கரண்டு பில்லாக இருக்கும்!

தலைகீழாகவும் நடக்கும். பில் என்று நினைத்து மூலையில் போட்டது, வேலைக்கே வேட்டு வைக்கும் விதியாக இருக்கும். அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக இருந்த கெடுவும் முடிந்திருக்கும். எனவே இந்த வார்த்தையை கொஞ்சம் விவரமாகவே தெரிந்துகொள்வது நல்லது. அதுபற்றிய விவரம் வருமாறு:-

ஸ்கேலில் இருந்து வந்த வார்த்தை

பிரெஞ்சில் 'ரெக்ள்' என்றால் விதி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கோடு போடும் ஸ்கேலுக்கும் அதே பெயர்தான். கோணலாக இருப்பதை நேராக்குவது என்ற கருத்தில் இருந்து வந்தது 'ரெக்லமான்'. எழுத்தில் கடைசியில் ஒரு 'ட்' இருக்கும், ஆனால் வாயில் வராது.

நேராக்குவது என்றால் எதை நேராக்குவது? கணக்கையும் நேராக்கலாம். அதனால் கடனை அடைப்பது, பில் கட்டுவது எல்லாமே 'ரெக்லமான்'தான். கடிதத்தில் 'தத் லிமித் து ரெக்லமான்' என்று இருந்தால் பணம் கட்ட கடைசி தேதி என்று பொருள். 'மோத் து ரெக்லமான்' என்றால் செக்கா, கார்டா, பேங்க் மூலமா, எப்படி கட்டப்போகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அவ்வளவுதான். பக்கத்தில் யூரோ தொகை, பில் நம்பர், பேங்க் கணக்கு நம்பர் இருந்தால் சட்டப் பிரச்சினை என்று பதற வேண்டாம்.

ரவுடிகள் கணக்கு தீர்ப்பதற்கும் இதே வார்த்தை உண்டு! மார்செய் நகரில் போதைப்பொருள் கும்பல்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டால், பிரெஞ்சு பத்திரிகைகள் அதை 'ரெக்லமான் து கோன்த்' என்று எழுதும். பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இதெல்லாம் தெருப் பேச்சு. கோர்ட்டில் 'ரெக்லமான்' என்றால் அது வேறு.

பாராளுமன்றம் போடாத சட்டம்

பிரான்சில் பாராளுமன்றம் ஓட்டுப் போட்டு நிறைவேற்றுவது 'லுவா', அதாவது சட்டம். பாராளுமன்றத்துக்குப் போகாமல் அரசாங்கமும் அதிகாரிகளும் போடும் பொதுவான உத்தரவுதான் 'ரெக்லமான்'. ஒரு தனி ஆளுக்கு வரும் உத்தரவு ரெக்லமான் ஆகாது. எல்லோருக்கும், அல்லது ஒரு ஊரில் உள்ள எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

பிரதமரோ ஜனாதிபதியோ கையெழுத்துப் போட்டால் அதற்குப் பெயர் 'தெக்ரே'. மந்திரி, மேயர், 'பிரெஃபே' (நம்ம ஊர் கலெக்டர் மாதிரி) ஆகியோர் போட்டால் 'அரெத்தே'. டவுன் ஹால் வாசலில் "இந்தத் தெருவில் வண்டி நிறுத்தக்கூடாது" என்று ஒட்டியிருக்கும் பேப்பர், ஒரு அரெத்தே.

நம்ம ஊரிலும் பாராளுமன்றம் ஆக்ட் போடும். அதற்குக் கீழே அரசாங்கம் ரூல்ஸ் போட்டு கெஜட்டில் வெளியிடும். ஆனால் அந்த ரூல்சுக்கு மேலே ஒரு ஆக்ட் இருக்க வேண்டும். பிரான்சில் அப்படி கட்டாயம் இல்லை என்பதுதான் விசேஷம். மேலே எந்தச் சட்டமும் இல்லாமலேயே அரசாங்கம் நேரடியாக விதி போடக்கூடிய விஷயங்கள் அங்கே உண்டு.

இதற்கு வழி செய்தது, 1958-ம் ஆண்டு அக்டோபர் 4-ந்தேதி வந்த அரசியல் சட்டம். அதற்கு முந்தைய 12 வருடங்களில் 20-க்கும் மேற்பட்ட மந்திரிசபைகள் கவிழ்ந்தன. பாராளுமன்றம் பேசிக்கொண்டே இருக்கிறது, காரியம் நடக்கவில்லை என்று சலித்துப்போன தெகோல், புதிய அரசியல் சட்டத்தில் பாராளுமன்றத்தின் அதிகாரத்துக்கு ஒரு வேலி போட்டார். குடியுரிமை, வரி, தேர்தல், பெரிய குற்றங்கள் போன்றவற்றுக்கு சட்டம்தான் வேண்டும் என்று 34-வது பிரிவில் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாதது எல்லாம் ரெக்லமான் என்கிறது 37-வது பிரிவு. ஒரே வரி. ஆனால் பிரான்சில் சாதாரண ஜனங்களின் அன்றாட வாழ்க்கையில் பாதி அந்த ஒரு வரிக்குள்தான் ஓடுகிறது.

கார் ஓட்டிய லபோன்

சரி, 1958-க்கு முன்னால் அரசாங்கம் இப்படி தன்னிச்சையாக விதி போட்டதே இல்லையா? போட்டது. மோட்டார் கார் புதிதாக வந்த காலம். 1899-ம் ஆண்டு மார்ச் 10-ந்தேதி ஒரு தெக்ரே வந்தது. கார் ஓட்ட சர்டிபிகேட் வேண்டும், ஊருக்கு வெளியே மணிக்கு 30 கிலோ மீட்டர், ஊருக்குள் 20 கிலோ மீட்டர் வேகம்தான் என்று உத்தரவு. இன்றைய டிரைவிங் லைசென்சுக்கு அதுதான் தாத்தா.

லபோன் என்பவரின் சர்டிபிகேட்டை அதிகாரிகள் பறித்தார்கள். அவர் விடவில்லை. "பாராளுமன்றம் சட்டம் போடாதபோது, நாடு முழுமைக்கும் லைசென்ஸ் முறை கொண்டுவர அரசாங்கத்துக்கு ஏது அதிகாரம்?" என்று வழக்குப் போட்டார். நியாயமான கேள்விதான். அரசாங்கத்தின் மீதான வழக்குகளுக்கு பிரான்சில் தனி கோர்ட்டுகள் உண்டு. அவற்றில் மேல் கோர்ட்டு 'கொன்செய் தெத்தா'. 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந்தேதி அந்த கோர்ட்டு லபோனின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஜனங்களின் பாதுகாப்புக்காக நாடு முழுவதற்கும் விதி போடும் அதிகாரம் அரசாங்கத் தலைமைக்கு உண்டு என்றது. தோற்றாலும் அவர் பெயர் நின்றுவிட்டது. பிரான்சில் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

புதுச்சேரியை ஆண்டதும் தெக்ரேதான்

உண்மையில் புதுச்சேரி ஜனங்களுக்கு இந்த வார்த்தை லபோனுக்கு முன்பே பழக்கம். 1854-ம் ஆண்டு மே 3-ந்தேதி, மர்த்தினிக், குவாதலூப், ரெயூனியன் ஆகிய 3 தீவுகள் நீங்கலாக மற்ற காலனிகளை பேரரசரின் தெக்ரே மூலமே ஆளலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த மற்ற காலனிகளில் புதுச்சேரியும் ஒன்று.

அப்படி வந்த உத்தரவுகளில் ஒன்று ஆயிரக்கணக்கானோரின் பெயரையே மாற்றியது. 1881-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந்தேதி தெக்ரே அது. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்தர்நாகூர் ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள், சாதி வழக்கப்படியான தங்கள் சொந்த சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது அந்த உத்தரவு. அதிகாரி முன்பு எழுதிக் கொடுத்து ஒரு குடும்பப்பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்தபின் பின்வாங்க முடியாது. வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாப்போர்த்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். இப்படி மாறியவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். அவர்களில் பலர் சைகோன் பக்கம் அரசு வேலைக்குப் போனார்கள். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சு குடும்பப்பெயருடன் தமிழர்கள் இருப்பதற்கு அந்தத் தெக்ரேவும் ஒரு காரணம்.

சிகரெட்டை அணைத்தது யார்?

மறுபடியும் பிரான்சுக்கு வருவோம். அங்கே காபி கடையில் சிகரெட் பிடிப்பது ஒரு காலத்தில் கலாசாரம் மாதிரி. 1991-ம் ஆண்டு ஜனவரியில், சுகாதார மந்திரி எவேன் பெயரால் அழைக்கப்படும் சட்டத்தை பாராளுமன்றம் போட்டது. பொது இடத்தில் புகைக்கக்கூடாது என்பது அதன் சாரம். ஆனால் காபி கடையில் புகை நிற்கவில்லை. காரணம், அதை எப்படி அமல்படுத்துவது என்று பின்னால் வந்த தெக்ரே, புகைப்பவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

2006-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி வேறு தெக்ரே வந்தது. 2007-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி முதல் வேலை செய்யும் இடங்களிலும், 2008-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் காபி கடை, ஓட்டல்களிலும் தடை. அப்போதுதான் ஆஷ்டிரே காலியானது! சட்டம் மாறவில்லை. மாறியது ரெக்லமான் மட்டுமே.

ரோட்டு வேகமும் இப்படித்தான். நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 90 ஆக இருந்த வேக வரம்பை, 2018-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் 80 ஆக்கினார்கள். தெக்ரே மூலம் வந்தது, பாராளுமன்றத்தில் ஓட்டெடுப்பு இல்லை. தினமும் சொந்த வண்டியில் வேலைக்குப் போகும் கிராமத்து ஜனங்கள் கொதித்துப் போனார்கள். சில மாதங்களில், நவம்பர் 17-ந்தேதி, டீசல் விலையை எதிர்த்து மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்தபோது இந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் 2019-ம் ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றமே ஒரு சட்டம் போட்டு, உள்ளூர் நிர்வாகங்கள் விரும்பினால் 90-க்குத் திரும்பலாம் என்று வழிவிட்டது. பாரீசில் மேஜையில் உட்கார்ந்து போடும் விதிக்கு என்ன விலை என்பதை அரசாங்கம் அப்போது தெரிந்துகொண்டது.

'எல்'லா, 'ஆர்'ரா?

உங்கள் கையில் இருக்கும் பேப்பர் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பிரெஞ்சு சட்டத் தொகுப்புகளில் பிரிவு எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து இருக்கும். 'எல்' என்று இருந்தால் பாராளுமன்றச் சட்டம். 'ஆர்' அல்லது 'டி' என்று இருந்தால் ரெக்லமான். வண்டி ஓட்டும்போது செல்போனைக் கையில் பிடித்தால் வரும் அபராதச் சீட்டில் 'ஆர் 412-6-1' என்று இருக்கும். சீட் பெல்ட்டுக்கு 'ஆர் 412-1'.

இதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது. ரெக்லமான் தானாக யாருக்கும் ஜெயில் தண்டனை விதிக்க முடியாது. ஜெயில் என்றால் பாராளுமன்றம் போட்ட சட்டம் வேண்டும். ரெக்லமானால் உருவாக்கக்கூடியது சிறு குற்றங்களை மட்டுமே. அதில் 5 வகுப்பு. ஐந்தாவது வகுப்புக்கு அதிகபட்ச அபராதம் 1,500 யூரோ, திரும்பச் செய்தால் 3,000 யூரோ வரை போகலாம். தொகை சிறியது இல்லை, ஆனால் கம்பி எண்ண வேண்டியதில்லை.

மேயர் சொன்னால் வேதவாக்கா?

இல்லை. ரெக்லமானின் பலவீனமும் அதன் நல்ல குணமும் இதுதான்: அதை கோர்ட்டில் இழுக்கலாம்.

1930-ம் ஆண்டு நெவேர் என்ற ஊரில் ரெனே பெஞ்சமின் என்ற எழுத்தாளர் சொற்பொழிவு ஆற்ற இருந்தார். அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கேலி செய்து எழுதியவர் அவர். ஆசிரியர் சங்கம் போராட்டம் அறிவித்ததும், கலவரம் வரும் என்று மேயர் கூட்டத்துக்குத் தடை போட்டார். 1933-ம் ஆண்டு மே 19-ந்தேதி கொன்செய் தெத்தா அந்த அரெத்தேயை ரத்து செய்தது. "கலவர பயம் இருந்தால் போலீசைப் போடுங்கள், பேச்சையே ஏன் தடை செய்கிறீர்கள்?" என்பதுதான் தீர்ப்பின் சாரம். தேவைக்கு மேல் ஒரு துளி கூட ஜனங்களின் உரிமையை வெட்டக்கூடாது என்ற அளவுகோல் அன்று முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் 3 வருடம் கழித்து வந்த வெற்றியால் பெஞ்சமினுக்கு என்ன லாபம்? அந்தச் சொற்பொழிவு போனது போனதுதான்.

இந்தக் குறையைப் போக்க 2000-ம் ஆண்டு ஜூன் 30-ந்தேதி சட்டம் வந்தது. அடிப்படை உரிமை பட்டப்பகலில் பறிபோகிறது என்றால் நீதிபதி 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். 2016-ம் ஆண்டு ஆகஸ்டில் கடற்கரை ஊர்களின் மேயர்கள் சிலர், முஸ்லிம் பெண்கள் உடல் முழுக்க மூடும் நீச்சல் உடையான புர்கினிக்குத் தடை போட்டபோது இது பயன்பட்டது. வில்நெவ்-லூபே என்ற ஊரின் தடையை கொன்செய் தெத்தா அந்த மாதம் 26-ந்தேதியே நிறுத்தி வைத்தது. சீசன் முடிவதற்குள் தீர்ப்பு!

எல்லா வழக்கிலும் மேயர் தோற்பதில்லை. மொர்சான்-சுர்-ஓர்ஜ் என்ற ஊரில் ஒரு டிஸ்கோவில், உயரம் மிகக் குறைந்த ஒருவரைத் தூக்கி எறிந்து யார் அதிக தூரம் எறிகிறார்கள் என்று போட்டி நடத்தினார்கள். மேயர் தடை போட்டார். எதிர்த்து கோர்ட்டுக்குப் போனவர்களில், எறியப்பட்ட அந்தத் தொழிலாளியும் ஒருவர்! "இது என் பிழைப்பு, எனக்கு ஆட்சேபம் இல்லை" என்பது அவர் வாதம். 1995-ம் ஆண்டு அக்டோபர் 27-ந்தேதி கொன்செய் தெத்தா மேயர் பக்கம் நின்றது. மனித கண்ணியத்தை ஒருவர் தானே விட்டுக்கொடுக்கவும் முடியாது என்றது. கண்ணியம் காப்பாற்றப்பட்டது சரி, அவருக்கு மாற்று வேலை யார் கொடுப்பார்கள் என்பதற்கு தீர்ப்பில் பதில் இல்லை.

2 மாதம் கெடு

ரெக்லமானை எதிர்க்க பொதுவாக அது வெளியான நாளில் இருந்து 2 மாதம்தான். மேயர், பிரெஃபே போட்டது என்றால் அந்த வட்டாரத்து நிர்வாகக் கோர்ட்டு. தெக்ரே என்றால் நேராக கொன்செய் தெத்தா. "இந்த உத்தரவு சட்டவிரோதம், ரத்து செய்யுங்கள்" என்று மட்டும் கேட்கும் வழக்குக்கு வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே எழுதிப் போடலாம்.

அதே 2 மாதத்துக்குள் உத்தரவு போட்ட அதிகாரிக்கே "மறுபடி யோசியுங்கள்" என்று ரிஜிஸ்தர் தபால் அனுப்பினால், அவர் பதில் வரும் வரை கெடு நின்று, பிறகு புதிதாக ஆரம்பிக்கும். 2 மாதம் பதிலே இல்லை என்றால் 'முடியாது' என்று அர்த்தம். புதுச்சேரி மாதிரி வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு, பிரான்சில் உள்ள நிர்வாகக் கோர்ட்டுக்குப் போக பொதுவாக இன்னொரு 2 மாதம் கூடுதலாக உண்டு. அதைச் சொல்வதும் ஒரு 'ஆர்' பிரிவுதான்.

கெடு தவறிவிட்டதா? அப்போதும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்த விதியை மீறியதாக அபராதம் போட்டு வழக்கு நடந்தால், "இந்த விதியே செல்லாது" என்று குற்றவியல் நீதிபதி முன்பு வாதாடலாம். அதைப் பரிசீலிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

கம்பெனிக்குள் ஒரு ரெக்லமான்

ஓட்டல், கிடங்கு, பேக்டரி வேலைக்குச் சேரும் நம்மவர்கள் கையெழுத்துப் போடும் பேப்பர்களுடன் 'ரெக்லமான் ஏந்தேரியர்' என்று ஒன்று வரும். கம்பெனியின் உள் விதிகள். இது அரசாங்கம் போடுவது அல்ல, முதலாளி போடுவது. 2020-ம் ஆண்டு ஜனவரி முதல் 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் இது கட்டாயம். அதற்கு முன்பு 20 பேர் இருந்தாலே கட்டாயமாக இருந்தது.

முதலாளி இஷ்டத்துக்கு எழுதிவிட முடியாது. சுகாதாரம், பாதுகாப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவைதான் அதில் இருக்கலாம். தொழிலாளர் பிரதிநிதிகளிடம் கருத்துக் கேட்க வேண்டும். தொழிலாளர் இன்ஸ்பெக்டருக்கு அனுப்ப வேண்டும். பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். முக்கியமாக, தட்டு உடைந்தது, லேட்டாக வந்தாய் என்று தண்டனையாகச் சம்பளத்தில் பணம் பிடிக்க முடியாது. உள் விதியில் எழுதி வைத்திருந்தாலும் அது செல்லாது. சஸ்பெண்டு செய்வதாக இருந்தால் அதிகபட்சம் எத்தனை நாள் என்று உள் விதியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த சஸ்பெண்டு செல்லாது என்று 2010-ம் ஆண்டு உச்ச கோர்ட்டு சொல்லிவிட்டது. அந்தப் பேப்பரை மடித்து பையில் வைக்காமல், இந்த இரண்டு இடத்தையாவது யாரிடமாவது கொடுத்துப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. வேலை செய்யும் இடத்துக்கு மது கொண்டுவரக்கூடாது என்ற விதியில், ஒயின், பீர், ஆப்பிள் மது, பேரிக்காய் மது ஆகிய நான்குக்கும் விலக்கு இருக்கிறது! பிரான்சு ஆச்சே. ஆனால் ஏணியில் ஏறுபவன், மெஷின் ஓட்டுபவன் இருக்கும் இடத்தில் முதலாளி தன் உள் விதியில் அதற்கும் தடை போடலாம். அதற்கு 2014-ம் ஆண்டு தெக்ரே வழி செய்தது.

அடுக்குமாடி வீட்டுக்கும் தனி ரெக்லமான் உண்டு. சொந்த வீடு வாங்கினாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். தெருப்பக்கம் பால்கனியில் துணி காயப்போடக்கூடாது என்று பல கட்டிடங்களில் எழுதி வைத்திருப்பார்கள். புடவையை உள்பக்கம் உலர்த்துவது உத்தமம்.

விமானம் லேட்டா?

கடைசியாக, ஐரோப்பிய ஒன்றியம் போடும் விதிக்கும் பிரெஞ்சில் ரெக்லமான் என்றுதான் பெயர். இது பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின் சட்டத்தையே மிஞ்சும். எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் செல்லும்.

நமக்கு உபயோகமானது 261/2004 என்ற எண் கொண்ட ரெக்லமான். 2005-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந்தேதி அமலுக்கு வந்தது. பாரீசில் இருந்து சென்னைக்குக் கிளம்பும் விமானம் ரத்தானாலோ, மிகவும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ, 3,500 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட தூரம் என்பதால் 600 யூரோ வரை நஷ்டஈடு கேட்க அதில் இடம் இருக்கிறது. எந்த நாட்டு விமானக் கம்பெனியாக இருந்தாலும் சரி. புயல் மாதிரி கம்பெனியின் கையை மீறிய காரணம் என்றால் கிடைக்காது. சென்னையில் இருந்து பாரீஸ் போகும்போது, ஐரோப்பியக் கம்பெனி விமானமாக இருந்தால்தான் இந்த விதி செல்லும். போர்டிங் பாசைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்து, கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் இந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும்.